பன்னிரண்டாவது பேர்

உடும்பஞ்சோலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ரிஞ்சுவுக்கு அப்பா மரியஜோசப் ஆசியுடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் அண்ணன்மார் பிள்ளைகளும் நலம். நீ கொச்சியில் வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். உன் அத்தை சந்தனமேரியும் நலம்தான், என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது என்பதைத் தவிர. போனில் சொன்னால் அடுப்படியில் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எல்லாம் நீ எழுதித் தந்த அந்தப் புரோகிராமால் வந்தது. கோயில் திருவிழாவில் அசன விருந்துக்கு இலை போடுமுன் வீடுவீடாகப் பேர் வாசித்து ஜெபிப்பது உனக்குத் தெரியும். முப்பது வருடமாக அதை நான் நோட்டில் எழுதி வந்தேன், வீட்டுக்கு ஒரு வரி, ஞானஸ்நானப் பேரும் வீட்டில் கூப்பிடும் பேருமாக, ஒரு கைக்குழந்தைகூட விடுபட்டதில்லை. இந்த வருடம் நீ கம்ப்யூட்டரில் ஏற்றினாய், உபதேசியார் ஜின்சன் அதைப் பார்த்து மைக்கில் வாசித்தார், நம் வீட்டில் பதினொரு பேர் வந்தது, பன்னிரண்டாவது அத்தை பேர் வரவில்லை, அவர் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். விடிந்ததிலிருந்து காய் நறுக்கிய அத்தை, அத்தனை பேருக்கும் பரிமாறி, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தாள். எங்கள் அய்யா போன பிறகு ஏலக்காய் எடுக்கப் போய் என்னைப் படிக்க வைத்த அக்கா அவள்.

நீ போனில் சொன்ன விளக்கத்தை யோசித்துப் பார்த்தேன். டேட்டாபேஸில் ஒரு கட்டத்துக்கு ஒரு விஷயம்தானாம். நீயோ என் நோட்டைப் பார்த்துப் பன்னிரண்டு பேரையும் ஒரே லிஸ்ட்டாக நீட்டியிருக்கிறாய். உன் புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஓ.ஆர்.எம். என்று ஒரு தரகர், அவர் மறுபேச்சில்லாமல் எல்லாரையும் ஒட்டி ஒரே கட்டத்தில் திணித்திருக்கிறார். அங்கே இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்துக்குத்தான் இடம், மிச்சம் வெட்டுப்பட்டுப் போயிற்று. எஸ்டேட் லயத்தில் ஒரே அறைக்குள் பன்னிரண்டு பேரைத் தள்ளினால் கடைசி ஆள் வாசலில்தானே நிற்பார். கட்டிக் கொடுத்து, புருஷனை இழந்து திரும்பி வந்தவர்களைக் கடைசியில் எழுதுவது நம் பழக்கம். ஆகவே, பேருக்குத் தனி டேபிள் போட்டு, ஆளுக்கொரு வரி கொடுத்து, வீட்டு நம்பரோடு சேர்த்துக் கட்டிவிடு. அத்தைக்குச் சொந்தமாக ஒரு வரி இருக்கட்டும். அவள் பேசாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை அம்மாடி.

பிள்ளைகள் உனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்கள். ஆண்டவர் உன் வேலையையும் வயிற்றையும் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
மரியஜோசப்

பின்குறிப்பு: கவரை ஒட்ட நான் பசை தேடப் போன நேரத்தில் அத்தை இதைப் படித்துவிட்டாள். ஒன்பது நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"ஏலே, பிள்ளைய எதுக்கு ஏசுத? முப்பது வருசமா என்னையக் கடைசியில எழுதுனது அவளா, நீயா?"

நான் பசையைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"எனக்குத் தனி வரியும் வேண்டாம், டேபிளும் வேண்டாம். உங்க எல்லாரோடயும் ஒரே வரியில இருக்கேன். என்னைய முதல்ல எழுது, உன்னையக் கடைசியில எழுது. இடம் பத்தலைன்னா நீ விழு."

ஆகவே மேலே கேட்டது எதையும் செய்யாதே. அத்தை பேரை முதலிலும் என் பேரைக் கடைசியிலும் மாற்றினால் போதும். அடுத்த வருடம் மைக்கில் என் பேர் வராவிட்டாலும் நீ பதற வேண்டாம், அக்கா எனக்குச் சோறு போட்டுவிடுவாள்.