மேலாளரின் மரமும் காலிங் பெல் கம்பியும்

மேலாளரின் மரம் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அன்று காலை வரைக்கும் அந்தக் கிளை பக்கவாட்டில் நீண்டு, நுனியில் கொஞ்சம் தாழ்ந்து, பார்க்கவே மரியாதையாக இருந்தது. இப்போது சண்டைக்கு ஆள் கூப்பிடுகிறவன் மாதிரி மேலே எழும்பி நின்றது. அதை வளைத்துப் பிடிக்கச் சுற்றியிருந்த காப்பர் கம்பி ஒரு முனையில் கழன்று தொங்கியது.

"நான் ஒண்ணுமே பண்ணலை" என்றார் குக்கர்.

"மேஜையை ஓங்கிக் குத்தினீங்க" என்றாள் மனைவி.

"மேஜையைத்தானே குத்தினேன்? மரத்தையா குத்தினேன்?"

"மரம் மேஜை மேலதான் இருந்துச்சு. குத்தினதும் கவுந்துடுச்சு."

குக்கர் என்பது அவருக்கு அலுவலகம் வைத்த பெயர். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை. மெஷின் சத்தம் போடுகிறது என்று போன் செய்தவர்களுக்கு, அதைவிடப் பெரிய சத்தம் போட்டுப் பதில் சொல்வார். பேசி முடித்தால் ரிசீவரை வைக்க மாட்டார், அறைவார். அவர் உடைத்த போன்களுக்கென்றே ஸ்டோர் ரூமில் தனி அட்டைப்பெட்டி உண்டு. இப்படிப்பட்ட ஆளைப் புகார்ப் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அன்றைக்கு மேஜை குத்து வாங்கியதற்குக் காரணம், செய்தித்தாளில் வந்த அவருடைய கம்பெனி விளம்பரம். 'சத்தமே வராத மெஷின்' என்று போட்டிருந்தான்.

மரம் வீட்டுக்கு வந்தே சில நாட்கள்தான் ஆகியிருந்தன. புத்தம் புதுப் போன் ஒன்றை உடைத்த அன்று மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். குக்கர் சண்டைக்குத் தயாராகத்தான் போனார். மேலாளரோ எழுந்து நின்று நாற்காலி போட்டார். மேஜை மேல் தட்டையான தொட்டியில் இந்த மரம். ஒரு முழ உயரம்கூட இல்லை, ஆனால் அடிமரமும் முடிச்சும் வளைவுமாக, பார்த்தால் ஊருக்கு வெளியே நிற்கிற பெரிய மரம்தான்.

"போன்சாய். என் கல்யாணத்துக்கு மாமியார் குடுத்தது. எனக்கு ஒரு மாசம் வெளியூர்ல பயிற்சி. இதை நீங்கதான் பாத்துக்கணும்."

"சார், எனக்குச் செடி வளத்துப் பழக்கமே இல்லையே?"

"பரவாயில்லை, பரவாயில்லை" என்றார் மேலாளர் அவசரமாக. "யோசிச்சுப் பாத்தேன். உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரலை. நான் திரும்பி வந்ததும் அந்தப் பிரிவுத் தலைவர் விஷயத்தைப் பேசிடலாம்."

பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாகிக் கிடந்தது. தனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் ஒவ்வொரு நாற்காலியாக ஏறிப் போய்விட, குக்கர் மட்டும் உடைந்த போன்களோடு அதே இடத்தில் உட்கார்ந்து வயிறெரிந்துகொண்டிருந்தார். இந்த மரம் பிழைத்தால் நாற்காலி. மரத்துக்கு ஏதாவது ஆனால் நாற்காலியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அவருக்கு அது தெளிவாகப் புரிந்தது.

"கழண்ட கம்பியைத் திரும்பச் சுத்தினா தீந்துது" என்றார் குக்கர். "இதுக்கு ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்கே?"

ஒழுங்காகச் சுற்ற வேண்டும் என்று மீதிக் கம்பியையும் முழுசாகப் பிரித்தெடுத்தார். அத்தோடு கிளை இன்னும் இரண்டு விரல் மேலே போனது. கம்பியோ பிரித்தபின் வளைய மறுத்தது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எகிறியது. கடைசியில் விரலில் குத்தி ரத்தம் வரவழைத்தது.

"என் வீட்டுல இருந்துக்கிட்டு என்னையே குத்துறியா?" என்று கத்தி, கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, தெருவில் போய்க்கொண்டிருந்த குப்பை வண்டியில் வீசினார். வண்டி திரும்பும்போதுதான் அந்தக் கம்பி தேவை என்பது ஞாபகம் வந்தது. அவர் சட்டை இல்லாமல் பின்னாலேயே ஓடினார். வண்டி நிற்கவில்லை.

எலெக்ட்ரிக் கடைக்குப் போனார்.

"காப்பர் கம்பி வேணும்."

"மோட்டாருக்கா சார், வீட்டு லைனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"மரத்துக்கு."

"மரத்துக்கு எதுக்கு சார் கரண்டு?"

"கரண்டு இல்லய்யா! கிளையை இழுத்துக் கட்டணும்!"

"அதுக்குக் கயிறு போதுமே?"

"உன்கிட்ட யோசனையா கேட்டேன்? இருக்கிறதுலயே கெட்டியானதைக் குடு!"

கடைக்காரரும் மனுஷன்தானே. இருப்பதிலேயே கெட்டியானதை எடுத்து வைத்தார். அது கிளையைவிடத் தடிமனாக இருந்தது. குக்கர் அதைக் கட்டிங் பிளேயரால் முறுக்கினார், முழங்காலை முட்டுக்கொடுத்து முறுக்கினார், பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கம்பி சட்டென்று கைநழுவித் திரும்பியது. மரத்தின் உச்சிக்கொம்பு 'படக்' என்று முறிந்து மனைவியின் மடியில் விழுந்தது.

மனைவி அதை எடுத்து, இலையைத் தடவிப் பார்த்து, அவர் முன்னால் வைத்தாள். "இதையும் பிரிவுத் தலைவர் ஆக்கிடுங்க" என்றாள்.

நல்ல வேளையாக அந்த நேரம் போன் அடித்தது. மேலாளர்.

"மரம் எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு சார்!" என்றார் குக்கர், முறிந்த கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு.



"அருமையாவா? கீழ கீழ விழுந்து, ஏதாவது... நடந்தாலும் மறைக்காதீங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"என் உசிரைக் குடுத்தாவது காப்பாத்துவேன் சார்!"

"உசிரெல்லாம் எதுக்கு" என்று சோர்வாகச் சொல்லிவிட்டு மேலாளர் வைத்துவிட்டார்.

"சந்தேகப்படுறாரு. குரலே சரியில்லை" என்று குக்கர் தலையில் அடித்துக்கொண்டார். கோபத்துக்குப் பின்னால் எப்போதும் பயம்தான் இருக்கும், அதை அவர் என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை.

மரத்தைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கு ஓடினார். நர்சரிக்கார அம்மாவுக்கு மரத்தைப் பார்த்ததும் இவரைவிடக் கோபம் வந்தது.

"மாட்டைக் கட்டுற கம்பியா இது? கிளை எவ்வளவு தடிமனோ அதுல மூணுல ஒரு பங்கு கம்பி போதும். யார் சார் உங்க கையில மரத்தைக் குடுத்தது?"

"மேலாளர்."

"அவரை உதைக்கணும். முதல்ல இருந்த கம்பி எங்கே?"

"குப்பை வண்டியில."

அந்த அம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "கேளுங்க. காப்பர் கம்பியை நெருப்புல சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டா நூல் மாதிரி ஆயிடும். ஆனா ஒரு தடவைதான் பேச்சு கேக்கும். வளைச்சா இறுகிடும். பிரிச்சு மறுபடி வளைச்சா முரண்டு பிடிக்கும். அதனால எடுக்கும்போது பிரிக்கவே கூடாது, துண்டு துண்டா நறுக்கித்தான் எடுக்கணும்."

"இதை எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீங்க யாரைப் பேச விட்டீங்க? என்கிட்ட இப்போ காப்பர் இல்லை, அலுமினியம்தான். இந்த முத்தின கிளைக்கு அது தாங்காது. நல்ல ஒத்தை இழைக் கம்பியாப் பாருங்க. மெல்லிசா இருந்தா ரெண்டைச் சேத்துச் சுத்துங்க. உச்சியைக் கணுவுக்கு மேல சுத்தமா வெட்டிவிட்டா புதுசா வரும்." மரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஒண்ணு சொல்றேன். கோபமா இருக்கும்போது தொடாதீங்க" என்றார்.

"அப்போ எப்பதான் தொடுறது?" என்றாள் மனைவி, குக்கர் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டதும்.

குக்கர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் வாசல் பக்கம் போயிருந்தது. காலிங் பெல்லிலிருந்து சுவர் ஓரமாக, கதவு நிலை மேலாக, ஹால் முழுக்க ஓடியது ஒரு மெல்லிய ஒத்தைக் கம்பி. மெயினை அணைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறினார். கம்பியோடு சுவர்ப் பூச்சும் வந்தது, மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவும் வந்தது.

கம்பிக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைச் சீவி எடுக்க நேரமாகும். நேரம் ஆகிற எந்தக் காரியமும் குக்கருக்கு ஆகாது. உறையோடு கேஸ் அடுப்பில் காட்டினார். கறுப்புப் புகை கூரை வரை போனது. பக்கத்து அடுப்பில் இருந்த பால், டயர் எரித்த வாடை அடித்தது. இரண்டு பேரும் இருமிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தார்கள்.

அந்தப் புகையில், வாசலில் மனைவியின் அண்ணன் நின்று பெல்லை அமுக்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. நெடுநேரம் அமுக்கியிருக்கிறார். உள்ளே ஆள் பேசுகிற சத்தம் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய் போன் செய்தார்.

"உன் புருஷனுக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும். வாசல்ல நிக்க வச்சு அனுப்புவார்னு தெரியாது. இனி அந்தப் பக்கம் வந்தா ஏன்னு கேளு."

மனைவி போனை மெதுவாக வைத்தாள். அந்த வீட்டில் போனை மெதுவாக வைப்பது அவள் ஒருத்திதான்.

"உன் அண்ணன் கதவைத் தட்ட வேண்டியதுதானே? கை இல்லையா?" என்று ஆரம்பித்தார் குக்கர்.

"வாயை மூடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. குக்கர் வாயை மூடினார்.

"தட்டு, கதவு, போன், இப்போ எங்க அண்ணன். கோபத்துல நீங்க உடைச்சதையெல்லாம் கம்பி கட்டித் தூக்கி நிறுத்தணும்னா ஊர்ல காப்பர் பத்தாது. எனக்கு அலுத்துப்போச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த கம்பியை எடுத்து உட்கார்ந்து, உறையைப் பொறுமையாகச் சீவினாள். தானே இடுக்கியில் பிடித்துச் சிவக்கக் காய்ச்சினாள். ஆறியதும் நிறம் மங்கி, மரப்பட்டை நிறத்துக்கு வந்திருந்தது.

"கிளையை நான் பிடிக்கிறேன், நீங்க சுத்துங்க. பேசக் கூடாது."

குக்கர் சுற்றினார். அடிமரத்தில் ஒரு சுற்றுப் பிடிமானம், பிறகு சாய்வாக, ஒவ்வொரு சுற்றாக. இறுக்கினால் பட்டை நசுங்கும், தளர்த்தினால் பிடிக்காது. கம்பி நூல் மாதிரி சொன்னபடி கேட்டது. அவள் கிளையை மெல்லத் தாழ்த்தினாள், கம்பி அதை அப்படியே பிடித்துக்கொண்டது. தூக்கிய கை இறங்கியது. அவர் வாயைத் திறக்கவே இல்லை. முடிந்ததும் பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

மறுநாள் அவரே மச்சான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு வரும்போது கதவை மெதுவாகச் சாத்தினார்.

அதன்பின் தினம் காலையில் எழுந்ததும் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட்டார். மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைக்கூடச் சத்தமில்லாமல் திருப்பினார். அலுவலகத்தில் ஒரு போன் கூட உடையவில்லை. வெட்டிய உச்சியில் பச்சைத் தளிர் விட்டது. கிளை முன்னைவிட அழகாக விரிந்தது.

மேலாளர் திரும்பி வந்த அன்று மரத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் அறைக்குப் போய் மேஜை மேல் வைத்தார் குக்கர். மேலாளர் மரத்தைப் பார்த்தார். தளிரைப் பார்த்தார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தளிர் விட்டிருக்கு" என்றார்.

"ஆமா சார்!"

"முன்னைவிட நல்லா இருக்கு."

"உங்க ஆசீர்வாதம் சார். அப்புறம்... அந்தப் பிரிவுத் தலைவர் விஷயம்?"

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். "அதுக்கு வேற ஒருத்தரை நினைச்சிருக்கேன். இதைக் கொண்டுபோய் என் கார்ல வச்சிடுங்க."

குக்கருக்குக் காது மடல் சுட்டது. மேஜை எதிரிலேயே இருந்தது, கையும் தானாக மேலே எழும்பியது. ஒரு மாசம் இந்த மரத்துக்காக வீட்டை இடித்து, பெல்லைப் பிடுங்கி, மச்சான் காலில் விழாத குறையாக நின்று, வாயைக் கட்டிப்போட்டு இருந்தது இதற்காகவா? கத்த வேண்டும் போல, அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் மேஜை மேல் மரம் இருந்தது. கையை இறக்கினார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். துணி கையிலிருந்து நழுவியது.

"இது இன்னும் இருக்கா?"

"இருக்கு. பின் சீட்ல வைக்கச் சொன்னாரு" என்றார் குக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு.

டிரைவர் வாங்கி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதைப் பாக்கணும்னு சொல்லித்தான் சார் ஐயாவோட மாமியார் மாசாமாசம் பெட்டியோட வந்து இறங்குறாங்க, எது கிடைச்சாலும் உடைக்கிற ஆளு யாருன்னு ஆபீஸ் பூரா விசாரிச்சு உங்களை நம்பிக் குடுத்தாரு, நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களே!"