கட் டீச்சரும் இன்னொரு கயலும்

நீடாமங்கலத்திலிருந்து மயிலாடுதுறை வரை கட் டீச்சரைக் கண்டு பயப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது என் மகள் கயல்.

மற்றவர்கள் பயந்ததில் தப்பில்லை. ஒல்லியான உடம்பு, கழுத்தில் மாலை போல இரண்டு செல்போன், தோளில் பழைய புடவையில் சுற்றிய கேமரா ஸ்டாண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ எதையோ புதைக்கத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். அவர் வீட்டுப் பலகையில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். யார் என்ன செய்தாலும் நடுவில் கையை உயர்த்தி "கட்!" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

டீக்கடைக்காரர் கிளாஸை டக்கென்று வைத்தால், "கட்! எடுங்க. மெதுவா மறுபடி வைங்க." கண்டக்டர் எங்கேயோ பார்த்துக்கொண்டு டிக்கெட் கேட்டால், "கட்! மூஞ்சியப் பார்த்துக் கேளுங்க." அந்த மனிதர் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கும்பகோணம் வரும் வரை பஸ்ஸின் பின்பக்கமே வரவில்லை. ஒரு சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தவரிடமே கட் சொன்னாராம். பிணம்கூட அசையாமல் கேட்டுக்கொண்டிருந்ததாம். ஊரில் சொல்வார்கள். நான் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. மயிலாடுதுறையில் ஆற்றோரத் தெருவில் அவருடைய மாடி வீடு. முதல் தடவை போனபோது ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல வரமாட்டேன்மா. பிள்ளைங்க குரலையெல்லாம் பிடிச்சு வச்சிருக்காங்க அந்த வீட்டுல."

சிரித்துக்கொண்டே படியேறினேன். மேலே நாலைந்து பிள்ளைகளின் குரல் கேட்டது. "எனக்கும் ஒண்ணு குடு." "நானும் வெளையாட வரட்டா?" சந்தோஷமாகக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஒரு குழந்தைகூட இல்லை. சாத்திய ஜன்னல்கள், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்மணி, ஒரு குழந்தையின் ஒற்றைச் சொல்லை மட்டும் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். "வரட்டா? வரட்டா? வரட்டா?"

கயல் என் கையை உதறிவிட்டு நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குத்தான் கால் நகரவில்லை.

கயலுக்கு அப்போது எட்டு வயது. பேசுவாள். ஆனால் யாரிடமும் பேச மாட்டாள். எங்கள் வீடு நீடாமங்கலம் ஜங்ஷனுக்குப் பக்கம் என்பதால் ரயில்வே அறிவிப்பு முழுவதையும் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் கூடத்தில் இருக்கும் விருந்தாளி பையைத் தேடுவார். ஆனால் வாசலில் யார் வந்து நின்றாலும் தலை நிமிராது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் அப்பா வருஷத்துக்கு ஒரு முறை வருவார். அப்போதும் அவள் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் பெட்டியை வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலக் குளிக்கப் போவார். உள்ளே வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்.

"வாசலுக்கு வர்றவங்கள, முக்கியமா அவ அப்பாவ, வாங்கன்னு சொன்னா போதும் டீச்சர்" என்றேன்.

"போதுமாவது! அது மலை" என்றார். "சில பிள்ளைங்க மத்தவங்களப் பார்த்துக் கத்துக்கும். இவளுக்கு மத்தவங்க மூஞ்சி ரொம்பச் சத்தம். தன் மூஞ்சின்னா பயமில்ல. அதனால அவளே நல்லா செஞ்சு முடிச்சிட்ட மாதிரி ஒரு வீடியோ எடுத்து, அவகிட்டயே காட்டணும்."

"அவதான் இன்னும் செய்யவே இல்லையே. எப்படி எடுப்பீங்க?"

"திருடித்தான்."

சொன்னபடியே எங்கள் வீட்டுக்கு வந்து திருடினார். காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி "வாங்கம்மா வாங்க" என்று கத்தும்; கயல் அதையும் அப்படியே சொல்வாள். அவள் சொல்லும் வரை வண்டியைத் தெருவைச் சுற்றிச் சுற்றி வரவைத்தார் டீச்சர். அன்று எங்கள் தெருவில் கத்திரிக்காய் வாங்காத வீடே இல்லை. 'வாங்க' கிடைத்தது. 'அப்பா'வுக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் கயல் ஊஞ்சலில் உட்காரும்போது, நான் சொல்வதைப் போலவே "அப்பாடா" என்றாள். டீச்சர் துள்ளிக் குதித்தார்.

"சிக்கிடுச்சு! 'டா'வ மட்டும் வெட்டிடறேன்."

சிரிப்பை மதகில் எடுத்தார். வாய்க்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் கயல் சிரிப்பாள். பார்வைக்கு, திருவிழாக் கடையில் விற்கும் பேட்டரி ஃபேன் ஒன்றை வாங்கிக் கேமராவுக்கு மேலே கட்டினார். சுற்றும் இறக்கையை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். அது நம்மைப் பார்ப்பது மாதிரியே படத்தில் விழுந்தது.

எல்லாவற்றையும் ஒட்டி என் போனில் போட்டுக் காட்டினார். அரை நிமிஷம்கூட இல்லை. கதவு திறக்கிறது. கயல் நிமிர்கிறாள். நேராகப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். "அப்பா, வாங்க."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். போனைத் தள்ளிப் பிடித்தேன். கவுன் என் மகளுடையது. நெற்றித் தழும்பு என் மகளுடையது. அந்தக் கண்ணுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது மட்டும் யாரென்று தெரியவில்லை.

"யாரு டீச்சர் இது?" என்றேன்.

"நாளைக்கு வரப்போற பொண்ணு" என்று டீயை உறிஞ்சினார். "சர்க்கரை கம்மி. இத அவ மட்டும்தான் பார்க்கணும். தினம் சாயங்காலம் ஒரு தடவ. நீங்க பார்த்துப் பழகிடாதீங்க. அந்தப் பொண்ணு மேல ஆசை வந்துடும்."

முதல் நாள் கயல் போனுக்குப் பின்னால் போய் அந்தப் பெண்ணைத் தேடினாள். பிறகு தினமும் உட்கார்ந்து பார்த்தாள். சில வாரத்தில் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஒரு நாள் அந்தி நேரத்தில் கரண்ட் போனது. நானும் என் நாத்தனார் செல்வியும் அடுப்படியில் இருந்தோம். என் போன் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் செத்துக் கிடந்தது. கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பா, வாங்க."

ஓடிப்போய்ப் பார்த்தோம். கயல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வாசல் கதவு திறந்திருந்தது. வாசலில் யாருமில்லை. ஆனால் ஒரு ஆள் உயரத்தில் ஏதோ ஒரு இடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாருக்கோ வழிவிடுவது போல ஓரமாக ஒதுங்கினாள். செல்வியின் கையிலிருந்த சொம்பு உருண்டு வாசற்படி வரை போனது.

மறுநாளும் அதே நேரம் கரண்ட் போனதும். அதற்கடுத்த நாளும். வெறும் வாசலைப் பார்த்து "அப்பா, வாங்க." பால்காரர் சாயங்காலப் பாலைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் எங்கள் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். செல்வி வாசல் நிலையில் எலுமிச்சம்பழம் கட்டினாள்.

"அண்ணி, கடல் தாண்டி இருக்கற மனுஷன இப்படி விளக்கு வைக்கற நேரத்துல கூப்பிடறாளே. முதல்ல அண்ணனுக்குப் போன் போடுங்க!"

போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவரே கூப்பிட்டார்.

"வேலையில இருந்தேன். என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கீங்களா?"

"உசிரோடதான் இருக்கேன். ஏன் நீயும் செல்வியும் மாத்தி மாத்தி இதையே கேக்கறீங்க?"

பயம் போகாமல் இரண்டு நாள் கழித்து டீச்சருக்குப் போன் செய்தேன். "கரண்ட் போனா வெறும் வாசலப் பார்த்துக் கூப்பிடறாளா? பிரமாதம்!" என்றார். "ஆள் இல்லாததுதான் குறை. ஆளை வரச் சொல்லுங்க."

ஆள் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். செல்வி மனசு தாங்காமல் என் போனிலிருந்து அந்த வீடியோவை அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒட்டு வேலை என்று சொல்லவில்லை. அவர் தங்கியிருந்த இடத்தில் எல்லோருக்கும் காட்டி, இனிப்பு கொடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிட்டார். "என் பொண்ணு என்னைக் கூப்பிட்டுட்டா. வந்துக்கிட்டே இருக்கேன்." திருச்சியில் இறங்கிய பிறகுதான் போனில் சொன்னார். அவர் பார்க்க வருவது படத்தில் இருக்கும் பெண்ணை. வீட்டில் இருப்பது கயல்.

டீச்சர் கேமரா மூட்டையோடு முன்னாலேயே வந்து சேர்ந்தார். பொழுது சாயும் நேரம் கார் நின்றது. என் புருஷன் வாசலில் வந்து, பெட்டியும் கையுமாக, வாய் கொள்ளாத சிரிப்போடு நின்றார்.

கயல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை நான் பார்த்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைப் பக்கம் திரும்பினார்.

"கட்! வெளிய போங்க தம்பி."

"நானா? இது என் வீடுங்க."

"பெட்டியோட போங்க. கேட்டுலேருந்து மறுபடி வாங்க."

போனார். வந்தார். கயல் அசையவில்லை. "கட்! அழற மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தா யாரு கூப்பிடுவா?" மறுபடி போனார். "கட்! செருப்பு சத்தம்." அதற்குள் தெரு முழுக்க மதில் மேல் இருந்தது. கார் டிரைவர், "வேணும்னா நான் ஒரு தடவ வந்து பார்க்கட்டுமாம்மா?" என்றார்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன் மெதுவாக நின்றது. வீடு இருண்டது. தெருவும் வாயை மூடிக்கொண்டது.

நிலைப்படியில் ஒரு உருவம் வந்து நின்றது. முகம் தெரியவில்லை. அது என் புருஷன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை நாள் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எதுவோ, அது வந்துவிட்டது என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். செல்வி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

கயல் நிமிர்ந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. காய்கறி வண்டியின் ராகம் இல்லாமல், கரகரத்த தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"அப்பா... வாங்க."

சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கினாள். அவரால் உடனே உள்ளே வர முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வரேம்மா... இதோ வரேன்" என்றார்.

மறுநாள் காலை கிளம்பும்போது டீச்சர் என் போனைக் கேட்டார். "அந்த வீடியோவ அழிக்கணும். தம்பி போன்லயும்."

"இருந்துட்டுப் போகட்டுமே டீச்சர். எவ்வளவு அழகா சிரிக்கிறா."

"அதுக்குத்தான். நாளைக்கு இவ சிரிக்காதப்ப நீங்க அவகிட்டப் போவீங்க."

போனை வாங்கி, கடைசியாக ஒரு முறை ஓடவிட்டார். கதவு திறந்தது, அந்தப் பெண் நிமிர்ந்தாள், சிரித்தாள், கூப்பிட்டாள். "இந்த மாதிரி எத்தனையோ பிள்ளைங்கள அனுப்பி வச்சிருக்கேன்" என்று டீச்சர் முணுமுணுத்தார். பிறகு திரையை விரலால் லேசாகத் தடவி, "போய்ட்டு வாம்மா" என்று சொல்லி அழித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ படியிறங்கிப் போனது போலிருந்தது. நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

கயல் இப்போது வளர்ந்துவிட்டாள். சில நாள் வந்தவர்களைக் கூப்பிடுவாள், சில நாள் கூப்பிட மாட்டாள். இரண்டும் எங்களுக்குப் பழகிவிட்டது. இன்றும் மாதம் ஒருமுறை மயிலாடுதுறைக்குப் போகிறோம். கயலுக்குக் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றும் இல்லை. போனதும் டீச்சர் என் முந்தானை, என் நடை, நான் சிரிக்கும் விதம் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பார். கயலுக்காகத்தான் வருகிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.