வேலாத்தாவின் எதற்கும் ஆகும் சைக்கிள்

ஒரு காட்டில், அங்கேயும் தார்ச்சாலை போட்டு முடித்த காலத்தில், வேலாத்தா என்றொரு கிழக் கரடி இருந்தாள். அவளுடைய தங்கை மூன்று மலை தள்ளி வாழ்ந்தாள். தங்கைக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது.

“அது முழுசா இருட்டறதுக்குள்ள அவ முன்னால போய் நிக்கணும். முட்டி நடக்க விடமாட்டேங்குது. ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்க” என்றாள் வேலாத்தா.

மகன் மாரப்பனும் மகள் பாவாயியும் பாசமுள்ள பிள்ளைகள். அன்றே அம்மாவை முள்ளம்பன்றியின் சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கடையில் பஞ்சர் வேலைக்குக் குறைவே இல்லை. முதலாளி குறுக்கே நடந்தாலே போதும்.

“இது நெடுந்தூரம் போற வண்டி. எஃகுச் சட்டம். எதுக்கும் ஆகும்” என்றார் முள்ளம்பன்றி. “ஓட்டப் போறது யாருங்க?”

“எங்கம்மா.”

“அப்ப குறுக்குக் கம்பி தாழ்வா இருக்கட்டும். கியர் லேசா...”

“கேரியர் எத்தனை மூட்டை தாங்கும்?” என்றான் மாரப்பன்.

“முன்னால குழந்தை சீட்டு வருமா? எனக்கு ரெண்டு குட்டி” என்றாள் பாவாயி.

வேலாத்தா மணியை மட்டும் ஒருமுறை அடித்துப் பார்த்தாள். நல்ல மணி.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, அவள் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள்.

“போற வழிதானேம்மா, குட்டிகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுடு” என்றாள் பாவாயி.

பள்ளிக்கூடம் எதிர்த்திசையில் இருந்தது. விட்டாள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. மறுநாள் மாரப்பனுக்கு ரேஷன் கடையும் அம்மா ‘போகிற வழி’யில்தான் இருந்தது. அதற்கடுத்த நாள் எதிர்வீட்டு நரியம்மாள் மாமியாரின் மருந்துச் சீட்டோடு வந்து நின்றாள்.

“சும்மாத்தானே போறீங்கக்கா.”

ஆறு மாதத்தில் சைக்கிள் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஒரு மலையையும் தாண்டவில்லை.

ஒரு மத்தியானம், குச்சியால் வழியைத் தட்டிக்கொண்டு தங்கையே வந்து சேர்ந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் வாங்கித் தந்ததில்லை. அதனால் நடக்க நேரம் இருந்தது.

வேலாத்தா அரிசி மூட்டையோடும் இரண்டு பேரக்குட்டிகளோடும் வந்து இறங்கினாள். தங்கை கையை நீட்டி அக்காவின் முகத்தைத் தேடித் தடவினாள்.

“என்னக்கா இது? மூணு மலை நடந்தவ நான். மூச்சு வாங்கறது நீயா?”

நீதி: பெற்றவளுக்கு வாங்கும்போது கஞ்சத்தனம் கூடாது. மட்டமான சைக்கிள் இத்தனை பேர் பாசத்தைத் தாங்காது.