உரக்கடை அண்ணனின் க்ரூஸ் கண்ட்ரோல்

கூத்தாநல்லூரில் உயிர்ப்பயமே இல்லாத ஒரே மனிதர் உரக்கடை அண்ணன்தான். அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருந்தேன். அவருடைய கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்க முத்துப்பேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம், "சும்மாத்தானே இருக்கீங்க, வாங்க" என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

வண்டி அவர் அப்பா காலத்து அம்பாசிடர். துபாயில் இருக்கும் மகன் லீவில் வந்து அதற்குப் புது எஞ்சின், ஏ.சி. எல்லாம் போட்டான். போதாக்குறைக்கு க்ரூஸ் கண்ட்ரோலும் மாட்டினான். பட்டனை அமுக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காமலே வண்டி ஒரே வேகத்தில் போகும். அண்ணனுக்கு வலது முட்டியில் தீராத வலி; அவ்வளவு தூரம் மிதித்து ஓட்ட முடியாது.

பட்டனைக் காட்டிய மகன், காலை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லித்தரவில்லை. திருத்துறைப்பூண்டி ரோட்டில் ஏறியதும் அண்ணன் பட்டனை அமுக்கினார். செருப்பைக் கழற்றினார். பந்தியில் உட்காருகிற மாதிரி சீட்டில் சம்மணம் போட்டுவிட்டார்!

"அண்ணே, காலு! காலக் கீழ விடுங்க!"

"எதுக்கு? அதான் தம்பி ஓட்டுறாருல்ல?" தம்பி என்றது அந்தப் பட்டனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தது. அண்ணன் சம்மணத்தைக் கலைக்காமல் ஹாரன் அடித்தார். வாத்துகள் பறந்தன. நான் குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன்.

தை அறுவடை வந்தது. பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. முதுகைக் காட்டியபடி ஒரு அம்மா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். எதிரே பஸ். ஒதுங்க இடமில்லை. அண்ணன் காலை இறக்கப் பார்த்தார்; வேட்டியில் மாட்டிக்கொண்டது.

"ஐயய்யோ, கால் வரலய்யா!"

நான் அவர் காலைப் பிடித்து இழுத்து, பிரேக்கின் மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினேன். நெல்லில் சறுக்கிக்கொண்டு போய், அந்த அம்மாவின் புடவைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது.

"கண்ணு தெரியலையாய்யா? புள்ளகுட்டிக்காரிய்யா நானு!"

அண்ணன் இறங்கி, உட்கார முடியாத முட்டியோடு உட்கார்ந்து, சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளினார். அள்ளியதில் பாதி திரும்பக் கீழே சிந்தியது. அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாளே மெக்கானிக்கிடம் க்ரூஸ் கண்ட்ரோலைக் கழற்றச் சொன்னார். போனில் மகன் கத்தினான். "உங்க முட்டிக்காகத்தானப்பா போட்டேன்? அது இல்லாம எப்படி ஓட்டுவீங்க?"

"முட்டிதானடா வலிக்கும்? அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எப்படிடா தூங்குறது?"

இப்போது வழியில் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்துகிறார். காலை வெளியே நீட்டி, முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "போலாமா?" என்கிறார். ஒவ்வொரு வாரமும் நிறுத்தம் கூடிக்கொண்டே வருகிறது. டாக்டர் இனி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டால், இறாலுக்கு நான் தனியாகப் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்குமே என்று இப்போது பயமாக இருக்கிறது.