யாமினியின் அறவியல் வகுப்பில் நான் உட்கார்ந்த கதை

தேக்கா உணவு நிலையம்,
சனிக்கிழமை காலை

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் வேலாயுதம் அவர்களுக்கு,

தங்கராஜு கைகூப்பி எழுதிக்கொள்வது. புக்கிட் பாத்தோக்கில் நானும், உங்கள் தங்கை ரத்தினம்மாவும், விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள், உங்கள் மருமகள் யாமினியும் உடம்பளவில் சுகம். மனத்தளவில் என்னைத் தவிர மற்ற இருவரும் சுகம். பாசிர் ரிஸ்ஸில் நீங்களும் அக்காவும் இரண்டு அளவிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே தீவுக்குள் கடிதமா, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் குடும்பக் குழுவில் தவறிப்போய் அனுப்பிவிடுவேனோ என்று பயம். போனில் பேசலாம் என்றால் நம் வீட்டுச் சுவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும், நான் கூடத்தில் தும்மினால் யாமினி அறைக்குள்ளிருந்து மாத்திரை போடச் சொல்கிறாள். அதனால் கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தில் எங்காவது தே தாரிக் டீ பட்டிருந்தால் மன்னிக்கவும்.

யாமினி இந்த விடுமுறையில் தன் அமெரிக்கக் கல்லூரியின் கோடைக்கால ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். இங்கே வருஷம் முழுக்கக் கோடைதானே, அதற்கு எதற்குத் தனியாக வகுப்பு என்று ரத்தினம்மா கேட்டாள். சீக்கிரம் பட்டம் வாங்கிவிடலாம் என்றாள் பிள்ளை. கவிதையிலிருந்து வேதியியல் வரை அங்கே இல்லாத பாடம் இல்லை. அவள் எடுத்தது இரண்டு: மனிதர்களைப் பற்றி அறவியல், பூமியைப் பற்றி ஜியாலஜி. ஜியாலஜிக்காக ஒரு பெட்டி நிறையக் கற்கள் கூரியரில் வந்தன. எங்கிருந்தோ வந்த கல்லாயிற்றே என்று உங்கள் தங்கை அத்தனையையும் சோப்புப் போட்டுக் கழுவியதில் மேலே ஒட்டியிருந்த எண்கள் எல்லாம் போய்விட்டன. ஒரு கறுப்புக் கல் மட்டும் பிள்ளையார் மாதிரியே இருக்கிறது என்று சாமி மேடையில் வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டாள். குங்குமத்தைக் கவனிக்காமல் யாமினி அந்தக் கல்லைப் படம் பிடித்து அனுப்ப, கல்லின் மேல் படிந்திருக்கும் சிவப்புப் பொருள் எங்கிருந்து வந்தது என்று ஜியாலஜி ஆசிரியர் கேட்டிருக்கிறார். “என் அம்மாவிடமிருந்து” என்று பதில் எழுதினாளாம். அப்படி உண்மை பேசுகிற பிள்ளை, மச்சான். அதனால்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் அவளுக்குக் கடைவாயின் கடைசிப் பல்லை எடுத்தது நினைவிருக்கும். ஆங்கிலத்தில் அதை அறிவுப் பல் என்கிறார்கள்; அதைப் பிடுங்கிய மறுநாளே அறவியல் வகுப்பு. இங்கே காலை, அங்கே முந்தைய நாள் சாயங்காலம். பிள்ளை வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். வகுப்புக்கு வராவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று அவள் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. எழுப்பவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. உங்களுக்குத்தான் போன் செய்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. “அட்டெண்டன்ஸ்தானே மாப்பிள்ளை? லேப்டாப்பைத் திறந்து நீங்க உக்காருங்க லா. கேமராவை மூடிட்டா யாரு பார்க்கப்போறா?” என்றீர்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும் அல்லவா, அதற்காக எழுதினேன்.

உட்கார்ந்தேன். கேமரா மூடியிருந்தாலும் கல்லூரி கல்லூரிதானே என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன், கீழே கைலிதான். திரையில் யாமினி என்று பெயர் மட்டும் தெரிந்தது. பேராசிரியை ஹாலவே என்று ஓர் அம்மையார், நரைத்த முடி, சாந்தமான முகம். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத் திரையையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, இன்றைக்குக் கேள்வியை மாற்றுகிறேன் என்றார். கேட்ட கேள்வி இதுதான்: ஒருவர் வராதபோது அவர் வந்ததாகக் காட்ட இன்னொருவர் அவருடைய இடத்தில் உட்காரலாமா? யாருக்கும் கெடுதல் இல்லையென்றால் அது தவறா?

மச்சான், நான் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “யாமினி, நீ என்ன நினைக்கிறாய்?” என்றார் அம்மையார். பேச முடியுமா? பல் வலி, எழுதுகிறேன் என்று தட்டினேன். அது பொய்கூட இல்லை, வலி வீட்டுக்குள்ளேதான் இருந்தது. தவறு என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார். அங்கேதான் நான் கெட்டேன். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவனிடம் போய் ஏன் என்று கேட்கலாமா? கை தானாக ஓடியது. ஒருவனுடைய நுழைவுப் பாஸை இன்னொருவன் தட்டி உள்ளே போகிறான் என்று வையுங்கள், அன்றைக்குத் தீப்பிடித்தால் வெளியே தலை எண்ணுவார்கள், எண்ணிக்கை குறைந்தால் வராத ஒருவனைத் தேடித் தீயணைக்கிறவன் புகைக்குள் போவான், உள்ளே நிஜமாகவே இருப்பவனை யாரும் தேடமாட்டார்கள், ஆகவே யாருக்கும் கெடுதல் இல்லை என்று எவனும் சொல்ல முடியாது என்று எழுதித் தள்ளினேன். புதிதாக வரும் தொழிலாளர்களுக்குக் காலம் காலமாக நான் சொன்ன பாடம் அது. எழுதி முடித்த பிறகுதான் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பது உறைத்தது.

ஒரு பையன் கைதட்டினான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. “என்னங்க, மீனை யாரு சுத்தம் பண்றது?” என்று ஈரப் பையோடு ரத்தினம்மா. நான் பதறிப்போய் லேப்டாப்பை மூடப் போனவன் எதை அழுத்தினேனோ தெரியவில்லை, கேமராவும் மைக்கும் திறந்து திரையில் என் முகம் வந்துவிட்டது. பின்னால் உங்கள் தங்கை, மீனோடு.

அம்மையார் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார், “ஹலோ. ஆர் யூ யாமினி?” என்று.

தீயை விளக்கிவிட்டு வந்தவன் நான். இல்லை அம்மா, நான் அவளுடைய அப்பா என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் வாயிலிருந்து வந்தது, “யெஸ். ஐ ஆம் யாமினி.”

உங்கள் தங்கை முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். “நோ லா, மேடம். யாமினி இன்சைட், ஸ்லீப்பிங். டூத் டேக் அவுட். திஸ் ஒன் மை ஹஸ்பண்ட்” என்றாள்.

அதற்குப் பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று நான் பார்க்கவில்லை. யாமினி எழுந்ததும் எனக்கு எழுதச் சொல்லுங்கள் என்று அம்மையார் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. சரி என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆள்மாறாட்டம் செய்தால் கல்லூரியில் விசாரணை வைப்பார்களாம், பட்டமே போகலாமாம், இணையத்தில் தேடிப் பார்த்தேன், தேடியிருக்கக் கூடாது. குங்குமத்துக்குக்கூடப் பொய் சொல்லாத பிள்ளையை அப்பன் அல்லவா பொய்க்காரியாக்கிவிட்டான்? அவள் வீங்கிய கன்னத்தோடு கஞ்சி குடிக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறாள், நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். ரத்தினம்மா வேறு, “நாளைக்குள்ள நீங்களா சொல்லுங்க, இல்லேன்னா நான் சொல்லிருவேன்” என்று தவணை வைத்திருக்கிறாள்.

ஆகவே மச்சான், தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பி வாருங்கள். அதுவரை ரத்தினம்மாவை நான் எப்படியாவது சமாளிக்கிறேன். மருமகளைக் கீழே நடக்கக் கூட்டிப்போய்ப் பக்குவமாகச் சொல்லுங்கள். மாமா பேச்சு என்றால் அவள் காது கொடுப்பாள். யோசனை உங்களுடையது என்பதைச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், நன்றாகப் படித்து, தங்கள் வகுப்பில் தாங்களே உட்கார்ந்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை,
தங்கராஜு

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். இப்போது வீட்டிலிருந்து எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, தபால்தலை இல்லாததால் யாமினியின் அறைக்குப் போய்க் கேட்டேன். “யாருக்குப்பா லெட்டர்?” என்றாள். மாமாவுக்கு என்றேன். “வாட்ஸ்அப் இருக்கே, வை லெட்டர்?” என்றாள். இதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன், முடியவில்லை. கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மீனைக்கூட விடவில்லை.

அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “தெரியும்பா” என்றாள்.

பல் எடுக்கப் போவதற்கு முன்பே லீவு கேட்டு எழுதி, அனுமதியும் வாங்கியிருந்தாளாம்! திரையில் யாமினி என்ற பெயரைப் பார்த்த நிமிடமே அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது. கேள்வியை மாற்றியதும் அதனால்தான். நான் சொல்லாததால் மறுநாள் அவரே யாமினிக்கு எழுதிவிட்டார். விசாரணையும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு ஏம்மா என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

“நீங்களா சொல்வீங்கன்னு வெயிட் பண்ணேன்.”

“சொல்லாமலே விட்டிருந்தா?”

“அதுக்குத்தாம்பா பயந்துக்கிட்டே இருந்தேன்” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. எனக்குத் தையல் இல்லை.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். அடுத்த வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மையாரிடமும் பிள்ளைகளிடமும் நானே மன்னிப்புக் கேட்பதாக ஏற்பாடு. என்ன பேசுவது என்று இப்போதிருந்தே எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீளமாக ஒன்றும் வேண்டாம் என்கிறாள் யாமினி. “முதல்ல உங்க பேரைச் சொல்லுங்கப்பா. மத்ததெல்லாம் தானா வரும்.”