கருப்பசாமிக்கு ஒரு கறுப்பு வெள்ளைக் கிடா

கலை ஆர்வம் வந்தவனை வீட்டில் வைத்துச் சோறு போடலாம், தப்பில்லை. ஆனால் அவனை ஆடு வாங்க அனுப்பக்கூடாது. எங்கள் குடும்பம் அந்தத் தப்பைச் செய்தது. அனுப்பப்பட்டவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கோயம்புத்தூரில் வேலை. கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து, சட்டைப் பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். அதில் தினமும் படம் எடுப்பது, அதுவும் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுப்பது என்று கொள்கை முடிவு. (கொள்கை முடிவு எடுக்கிற வயது அது. அதற்கு முந்தைய வருஷத்துக் கொள்கை, சர்க்கரை போடாத காபி.) டீ கிளாஸ், பஸ் படிக்கட்டு, கொடியில் காயும் பனியன் என்று எதையும் விடவில்லை. 'நிறம் என்பது கவனச்சிதறல்' என்று யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

லீவுக்குச் சின்னமனூர் வந்தால் வாழைத்தோப்பு, நெல் வயல், எதிரே மேகமலை என்று இருக்கிற பச்சையை எல்லாம் சாம்பல் ஆக்கிக்கொண்டு திரும்புவேன். அடுப்படியில் அம்மாவை ஒரு படம் எடுத்துக் காட்டினேன்.

"உசுரோட இருக்கறவள எதுக்குடா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி எடுத்து வச்சிருக்க? கீழ தேதி ஒண்ணுதான் பாக்கி" என்றார் அம்மா.

கலைஞனை வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் என் பெரியப்பா திராட்சைப் பந்தலில் கம்பி கட்ட ஏறி, கீழே விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டார். தேனியில் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, "கருப்பா, என்னை நடக்க விடு, உனக்குக் கிடா வெட்டுறேன்" என்று வேண்டிக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் நாலு மாதமாகியும் வாக்கரை விட்டுவிட்டு அவரால் ஓர் எட்டு வைக்க முடியவில்லை. டாக்டர், கால் சரியாகத்தான் இருக்கிறது, பயம்தான் போகவில்லை என்றார். பெரியப்பாவுக்கு வேறு கணக்கு.

"நேத்திக்கடன் நிக்கிதுல்ல, அதான் காலு வரமாட்டேங்குது. கிடாய வெட்டுனா கருப்பன் நடக்க விட்டுருவான்" என்றார்.

வெள்ளிக்கிழமை கிடாவெட்டு. சொந்தபந்தம் நூறு பேருக்குச் சொல்லியாயிற்று. பேசி வைத்திருந்த கிடா, முந்தின நாள் வரப்பில் இடறிக் காலை ஒடித்துக்கொண்டது. (அதற்கும் கால்தான்.) ஊனப்பட்ட கிடா சாமிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை காலையில் வீடே ஓடிக்கொண்டிருக்க, வேலை வெட்டி இல்லாமல் கிணற்று வாளியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

"ஏலே, கெங்குவார்பட்டியில பரமன்னு ஒருத்தரு, நல்ல கிடாயா வச்சிருக்காக. போன்ல சொல்லிட்டேன். நீ போயி நாலஞ்சு கிடாயப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பாத்துச் சொல்றேன். நீயா ஒண்ணும் யோசிக்காத" என்றார் பெரியப்பா.

பெரியவர்கள் சொன்னதில் நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான்.

கறுப்புக் கிடா வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கருப்பசாமிக்குப் பொட்டு வெள்ளை இல்லாத கறுப்புக் கிடா என்பது எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் போய்ச் சொல்லி அனுப்புவார்களா? நானும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ கிடாவெட்டுக்குப் போனவன்தான். ஆனால் எனக்கும் கிடாவெட்டுக்குமான உறவு இலை போட்ட பிறகுதான் ஆரம்பிக்கும்.

ராயப்பன்பட்டி சேவியர் என் கூடப் படித்தவன். சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து ஓட்டுகிறான். அவனோடு போனேன். பரமன் ஐந்து கிடாக்களைப் புளியமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். சேவியர் போனை நீட்டி, "இதுல எடுத்து அனுப்பு மாப்ள, ஒரு நிமிஷ வேலை" என்றான். அவனை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, பையிலிருந்து கேமராவை எடுத்தேன்.

அன்றைக்குத்தான் அதில் பச்சை ஃபில்டர் என்று ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்திருந்தேன். அதைப் போட்டால் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பழுப்பும் கன்னங்கரேல் என்று விழும். ஐந்து கிடாக்களையும் குனிந்து, மண்டியிட்டு, ஒன்றுக்கு மட்டும் படுத்து எடுத்தேன். அசல் கறுப்புக் கிடா ஒன்று வெயிலில் நின்றது. மினுமினுத்த அதன் முதுகு படத்தில் வெள்ளி முலாம் பூசின மாதிரி வந்தது. நிழலில் நின்ற செவலைக் கிடா இருட்டை வழித்துப் பூசினது போல வந்தது. கேமராவிலிருந்து போனுக்குப் படங்களை ஏற்றி அனுப்பக் கால் மணி நேரம் ஆனது.

போனில் பெரியப்பாவின் குரல் வந்தது. "மூணாவது! மூணாவதுதாம்லே! மை மாதிரி இருக்கு!"

என் படத்தைத்தான் பாராட்டுகிறார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவதைக் காட்டினேன். பரமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இந்தச் செவலையவா? கருப்பனுக்குன்னு சொன்னாகளே?"

"பெரியப்பாதான் பாத்துச் சொன்னாக."

"நல்லாப் பாத்தாகளா?"

"பெருசு பண்ணிப் பாத்தாக."

அவர் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார். வண்டி பெரியகுளம் தாண்டியதும் சேவியர் மெதுவாக ஆரம்பித்தான். "மாப்ள, உங்க சாமி வழக்கம் எனக்கு முழுசாத் தெரியாது. ஆனா கலரு..."

"சேவியர், நிறம் என்பது கவனச்சிதறல்" என்றேன். அவன் ரேடியோவைப் போட்டுவிட்டான்.

முல்லையாற்றங்கரைத் தோப்பில் கோயில். கொட்டுக்காரர்கள் தயார், பூசாரி தயார், அண்டாக்கள் தயார். பெரியப்பா புது வேட்டி கட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். வண்டியின் பின்கதவைத் திறந்தேன். செங்கல் நிறத்தில் கிடா கம்பீரமாக இறங்கியது. கொட்டு தானாக நின்றது. நூறு பேர் இருந்த இடத்தில் ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது.

"எங்கலே நான் சொன்ன கிடா?" என்றார் பெரியப்பா.

"இதுதான் பெரியப்பா. மூணாவது."

அப்போதுதான் அந்தக் கிடாவை நான் முதல்முறையாக வெறுங்கண்ணால் பார்த்தேன்.

கெங்குவார்பட்டிக்குத் திரும்பப் போய்வந்தால் நல்ல நேரம் முடிந்துவிடும். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் அடக்கிவிட்டு சித்தப்பா முன்னால் வந்து, "டை அடிச்சிரலாம். என் பைல ரெண்டு பாக்கெட் இருக்கு" என்றார். (சித்தப்பாவின் தலைமுடி சொந்தக் கறுப்பு இல்லை என்பது குடும்பத்துக்கு அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது அன்றைக்குத்தான்.) பூசாரி கோயிலின் மறுபக்கம் போயிருந்த நேரத்தில், நாலு பேர் பிடித்துக்கொள்ள, நானே பழைய பல் பிரஷ்ஷால் கிடாவுக்கு டை அடித்தேன். முன்பாதி முடிந்திருக்கும். கிடா தலையிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது. சுற்றி நின்ற அத்தனை வெள்ளை வேட்டியும் புள்ளி புள்ளியாகக் கறுப்பு வெள்ளை ஆகிவிட்டது.

எங்கள் பக்கம் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார்கள். அது உடம்பை உதறித் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதனால் பாதிப் பேர், "துலுக்கிருச்சு! கருப்பன் உத்தரவு குடுத்துட்டான்!" என்று குலவை போட்டார்கள்.

ஓடிவந்த பூசாரி கிடாவைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார். "அது சாமிக்கா துலுக்குச்சு? டைக்குல்ல துலுக்குச்சு! சாமியவே ஏமாத்தப் பாக்குறீகளா?" என்று கத்தியவர், முறைப்படி கேட்டுவிடுவோம் என்று மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா அசையவில்லை. ஒரு செம்பு, ரெண்டு செம்பு, ஒரு குடம். ஏற்கெனவே எல்லாவற்றையும் உதறித் தீர்த்துவிட்ட அது, பூசாரியின் கழுத்து மாலையை எட்டி இழுத்துச் சாவகாசமாக மென்றது.

"கருப்பன் வேண்டாங்கிறான்" என்று அரிவாளைக் கீழே வைத்துவிட்டார் பூசாரி.

பெரியப்பாவின் முகம் செத்துவிட்டது. இனி தன் கால் அவ்வளவுதான் என்று அவர் நம்பிவிட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவர் போனில் அந்தப் படத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "அப்ப இது என்னலே?"

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் விளக்கம் சொன்னேன். "அது பச்சை ஃபில்டர் பெரியப்பா. செவப்பைக் கறுப்பாக் காட்டும். ஏன்னா, நிறம் என்பது..."

"கவனச்சிதறலா! இந்தா வர்றேண்டா!" என்று வாக்கரைத் தூக்கி எறிந்துவிட்டு என் மேல் பாய்ந்தார். நான் ஓடினேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துரத்தினார். பதினோராவது எட்டில்தான் தனக்கு நடக்க வராது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா காலைத் தடவிப் பார்த்தார். "ஏலே, நான் நடந்தேனா?"

"ஓடுனீக பெரியப்பா" என்றேன், பத்தடி தள்ளி நின்றபடியே.

அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அதன் பிறகு போட்ட குலவை நிஜமான குலவை. நூறு பேரும் கறிச்சோற்றுக்கு வந்து, ரசமும் அப்பளமும் சாப்பிட்டு, என்னைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். அடுத்த மாதம் கருப்பனுக்குக் கறுப்புக் கிடா போய்ச் சேர்ந்தது. வாங்கப் போனது வேறு ஆள். சாமியே வேண்டாம் என்ற செவலையை வெட்ட யாருக்கும் துணிச்சல் இல்லை. அது பெரியப்பா வீட்டில் கொழுத்துத் திரிந்தது. அதை விரட்டி விரட்டியே அவருக்கு நடை பழகியது.

மூன்று வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வந்து கும்பிட்டுவிட்டு நின்றது. இரு வீட்டாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது பெரியப்பா திடீரென்று எழுந்தார்.

"சம்மந்தி, ஒரு நிமிஷம். ஏலே, பொண்ணு கட்டியிருக்க சேலை என்ன கலரு?"

கூடமே என்னைப் பார்த்தது. வியர்த்துக் கொட்டியது. "சிவப்பு பெரியப்பா" என்றேன்.

"சரி, கண்ணு தெரியிது. தட்ட மாத்துங்க" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகிறது. இந்தக் கதையை யார் சொன்னாலும், கடைசியில் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்: "அது சிவப்பு இல்ல. அரக்கு."