நிற்கக் கூடாதவை இரண்டு

வாய்க்காலில் தண்ணீர் வராத வரைக்கும் தண்ணீரைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். நானும் பேசினேன். டீக்கடையில் பேசினேன், துக்க வீட்டில் பேசினேன், முடி வெட்டிக்கொள்ளும்போதும் பேசினேன். (காது வேணுமா வேணாமா சார் என்று கத்தரிக்கோலோடு கேட்டார் அந்த மனிதர்.) பேசிப் பேசியே, எங்கள் வாய்க்காலின் பாசன சங்கத் தலைவர் தேர்தலில் நிற்கும் அளவுக்கு எனக்கு முற்றிவிட்டது.

சீர்காழிக்குக் கிழக்கே, கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். மேலே எல்லோருடைய வயலும் குடித்தது போக மிச்சம் வந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். அதற்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து கேட்டு வாங்குவதுதான் தலைவர் வேலை. நான் அப்போதுதான் சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வயலை என் மனைவி மலர்விழிதான் பார்த்துக்கொண்டாள். என்னை எதிர்த்து நின்றவர் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான் குணசேகரன். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் யாரையும் கூப்பிடாமல் தானே இறங்கி இழுத்துப் போடுகிற ஆள். வாயைத் திறக்கவே மாட்டார். பேசாத மனிதரை ஜெயிப்பது ரொம்பச் சுலபம் என்று கணக்குப் போட்டேன்.

"அண்ணன் நிக்குதுல்ல? நீங்க நிக்கக் கூடாதுங்க" என்றாள் மலர்.

"இது ஜனநாயகம்" என்றேன். அன்று ஜனநாயகமும் பழைய சோறும் கிடைத்தன.

எனக்கு மண்வெட்டிச் சின்னம் ஒதுக்கினார்கள். அதுவரை மண்வெட்டியை நான் இடம் மாற்றி வைத்ததோடு சரி. ஆனாலும் வெள்ளை வேட்டியும் தோளில் மண்வெட்டியுமாக ஊரைச் சுற்றி வந்தேன். தேர்தலுக்கு முதல் நாள் வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்துவிட்டது. ஏதோ நானே மேட்டூருக்குப் போய் அழைத்து வந்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அன்று காலை மலர் உரம் வாங்க சீர்காழிக்குக் கிளம்பினாள். போகும்போது சொன்னாள்: "முளைகட்டின வெதைய நேத்து சாயங்காலம்தான் மழைத் தண்ணில அடிச்ச சேத்துல தெளிச்சிருக்கேன். இன்னும் வேர் புடிக்கல. வயல்ல தண்ணி நிக்கக் கூடாது, பாத்துக்குங்க. வீட்ல வேற வெதை கெடையாது."

அந்த விதை பிழைத்தால்தான் எங்களுக்கு அந்த வருடம் சம்பா. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

வாய்க்கால் கரையில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர், "தலைவரே, மண்வெட்டியால மடைய வெட்டுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கலாமே" என்றார். 'தலைவரே' என்றதும் எனக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்துவிட்டது. மற்றவர்கள் தங்கள் வயலைத் தொட விடவில்லை. ஆகவே எங்கள் வயலுக்கே போனோம்.

"வெதைச்ச வயலாச்சே, தம்பி?" என்றார் ஒரு பெரியவர்.

"தண்ணி நிக்கத்தாங்க கூடாது. ஓடலாம்!" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். நிற்கக் கூடாதது தண்ணீர் மட்டுமில்லை என்றுதான் தட்டினார்கள் என்பது வீட்டுக்குப் போய்தான் புரிந்தது.

'வெட்டுற மாதிரி' என்று சொன்னதை மறந்து, நிஜமாகவே ஓங்கி வெட்டினேன். அடேயப்பா! மடை பிய்த்துக்கொண்டது. தண்ணீர் பாய்ந்து விதையை வாரிச் சுருட்டிக்கொண்டு, பக்கத்தில் தாழ்வாக இருந்த மச்சான் வயலுக்குள் வரப்பேறிப் போனது. மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். போட்ட மண்ணும் விதையோடு சேர்ந்து அங்கேயே போனது. கடைசியில் வேறு வழி தெரியாமல் மடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேட்ட போட்டோவை அப்போதுதான் எடுத்தார்கள்.

மச்சான் ஓடி வந்தார். என்னைச் சுற்றிச் சேற்றை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, தன் வயலைத் திரும்பிப் பார்த்தார். பிரசாரம் முழுக்க வாய் திறக்காத மனிதர் அப்போது பேசினார்: "என்ன மாப்ள, ஒங்க ஓட்டெல்லாம் எங்க வயலுக்கு வருது?"

சாயங்காலத்துக்குள் அந்தப் போட்டோ மேலே தலைமடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. உரத்தோடு திரும்பிய மலர் வெறும் சேற்றைப் பார்த்தபடி வரப்பில் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. மறுநாள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, நான் கேட்காமலேயே சொன்னாள்: "அண்ணனுக்குத்தான் போட்டேன். வெதையே அங்கதான் இருக்கு."

தோல்வி எப்படி என்று கேட்காதீர்கள். மறு எண்ணிக்கை கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

மச்சான் வயல் மூலையில் எங்கள் விதை ஒதுங்கி, திட்டாக முளைத்தது. அவர் அந்த மூலையை உழவில்லை. தண்ணீர் கட்டிப் பார்த்துக்கொண்டார். நாற்று வளர்ந்ததும் தானே பறித்து, சின்னச் சின்னக் கட்டாக முடி கட்டி, எங்கள் வரப்பில் கொண்டுவந்து போட்டார். "தலைவராயி மொத வேலை இது. எதிர்க்கட்சிக்கு நாத்து" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் சேறு பட்டுவிட்டது என்று சமாளித்தேன். மலர் ஆள் வைத்து நட்டாள். கொஞ்சம் பிந்தினாலும் அந்த வருடச் சம்பா வீடு வந்து சேர்ந்தது.

இது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. மச்சான்தான் இன்னமும் தலைவர். போன மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் பரிமாற ஆள் குறைகிறதே என்று ரசவாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். மச்சான் தன் இலையை இரண்டு கையாலும் அணை கட்டிக்கொண்டார். அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மலர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"பாத்து ஊத்துங்க. சோறு அண்ணன் இலைக்குப் போயிடப் போவுது."